மென்று கொடுத்த ரொட்டி

தம்பி,

நலமா என்று ஒரு வரி கேட்டுவிட்டு விஷயத்துக்குப் போவதுதான் கடிதம் எழுதுகிறவர்களின் வழக்கம். இந்தக் கடிதத்தில் அந்த ஒரு வரிதான் விஷயமே. உன் வயிறு எப்படி இருக்கிறது? இதைப் போனில் கேட்டிருக்கலாம். கேட்டால் நீ நல்லாத்தான் இருக்கேன் என்பாய், நான் சாப்பிட்டியா என்பேன், நீ டியூட்டிக்கு நேரமாச்சுப்பா என்பாய். மூன்று மாதமாக நம் பேச்சு இந்த மூன்று வரியைத் தாண்டவில்லை. அதனால் கடையில் எழுத ஒரு கொப்பி வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். உன் அப்பன் எட்டாம் வகுப்போடு நின்று இறப்பர் மரத்தில் பால் வெட்டப் போனவன்தான் என்றாலும், இந்தத் தோட்டத்து வரிசை வீட்டு லயத்துக்காரர்களுக்கெல்லாம் மனு எழுதிக் கொடுத்தே எழுத்துப் பழகியவன். என் மனுக்கள் மைல் கணக்கில் போகும் என்று யூனியன் தலைவர் அலுத்துக்கொள்வார். இதுவும் அப்படித்தான் போகும். பாதியில் மடித்து வைத்துவிடாதே. உன் பெயருக்கு எழுதினாலும், லயத்தின் ஒற்றை அறைக் காம்பராவில் பிள்ளை வளர்த்த வேறு யார் கையில் இது கிடைத்தாலும் படிக்கட்டும். மறைத்த வரைக்கும் போதும்.

உன் மகனுக்கு முதற்சோறு ஊட்டிய அன்று வத்தளைக் கோயிலில் நான் செய்ததை நீ மறந்திருக்க மாட்டாய். ஐயர் சின்ன வெள்ளிக் கிண்ணத்தில் சர்க்கரைப் பொங்கலை வைத்து, தாத்தா முதலில் ஊட்டட்டும் என்றார். நிரோஷா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவளுடைய அப்பா நகர்ந்து எனக்கு இடம் விட்டார். நான் கிண்ணத்தை வாங்கினேன், விரலால் கொஞ்சம் எடுத்தேன், பேரனும் வாயைத் திறந்தான். எடுத்ததைக் கிண்ணத்திலேயே வைத்துவிட்டு, கிண்ணத்தைச் சம்பந்தியின் கையில் கொடுத்துவிட்டு, தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். பிறகு சம்பந்திதான் பாவம், ஏதோ சொல்லிச் சிரித்துச் சமாளித்து ஊட்டினார். செருப்புக் கழற்றும் இடத்தில் நீ என்னை மறித்தாய்.

"எங்கள புடிக்கலேன்னா நேரா சொல்லுங்கப்பா. பச்சப் புள்ள வாயத் தொறந்துகிட்டு இருக்கு, நீங்க கிண்ணத்த கை மாத்தி விடுறீங்க."

நான் செருப்பை மாட்டிக்கொண்டேன். பகல் சாப்பாட்டுக்கும் நிற்கவில்லை. த்ரீவீலரில் ராகமைக்குப் போய் ரம்புக்கனை ரயிலில் ஏறிவிட்டேன். வழி முழுக்க அந்தச் சின்ன வாய்தான் கண்ணுக்கு முன்னால் திறந்தபடி இருந்தது.

நீ ஏன் அப்படி நினைத்தாய் என்று எனக்கு விளங்காமல் இல்லை. உன் கல்யாணத்தைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் வைக்கச் சொன்னேன், நீ வத்தளையில் ஒரு மண்டபத்தில் வைத்தாய். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்துவிட்டு, பந்தி ஆரம்பித்ததும் எழுந்து போய்விட்டேன். அன்றைக்கு இருந்தது கோபம்தான். அதற்கு வேறு பெயர் வைத்து உன்னை ஏமாற்றப் போவதில்லை. சின்னத்தனமான கோபம், அதை நீ மனதில் வைத்திருந்ததும் நியாயம். ஆனால் கோயிலில் என் கையைப் பின்னுக்கு இழுத்தது கோபம் இல்லை, பயம். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டுமானால் அதற்கு ஒன்றரை மாதம் முன்னால் போக வேண்டும்.

பிரஷர் கிளினிக்கில் எனக்கு ரத்தம் குறைவு என்று கண்டுபிடித்தார்கள். லயத்துக்கு ஏறும் படிகளில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன், வயது ஆகிறது என்று விட்டிருந்தேன். நெஞ்சு எரியுமா, சாப்பிட்டதும் வயிறு கல் மாதிரி இருக்குமா என்று டாக்டர் கேட்டார். அது எல்லாருக்கும் உள்ளதுதானே என்றேன். பொய் இல்லை தம்பி. நம் லயத்தில் வயிறு எரியாத ஆள் யார்? விடிந்தும் விடியாமலும் வெறும் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு மலை ஏறுகிறோம், பதினொரு மணிக்கு இறப்பர் பாலைத் தராசில் நிறுத்துக் கொடுத்த பிறகு காய்ந்த ரொட்டியும் கட்டைச் சம்பலும். எரியத்தான் செய்யும். கேஸ்ட்ரைட்டிஸ் என்ற சொல்லை எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூடச் சுத்தமாகச் சொல்வார்கள். வீட்டில் அதுவும் ஒரு ஆள் மாதிரி நம்மோடு சாப்பிட்டு நம்மோடு படுத்துக்கொண்டிருந்தது. டாக்டர் சிரிக்கவில்லை. வயிற்றுக்குள் கமரா விட்டுப் பார்க்க வேண்டும் என்று துண்டு எழுதிக் கொடுத்தார்.

உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு தடவை போனைக் கையில் எடுத்தேன். நிரோஷாவுக்குப் பிள்ளை பிறந்து ஐந்து மாதம், உனக்கு ஃபெக்டரியில் இரண்டு ஷிப்ட், இதில் நான் வேறு எதற்கு என்று வைத்துவிட்டேன். பெருந்தன்மை என்று அன்றைக்கு நினைத்தேன். இப்போது யோசித்தால், நீ வர முடியாது என்று சொல்லிவிடுவாயோ என்ற பயம்தான். கேட்காமலே இருந்தால் அந்தப் பதில் வராது அல்லவா.

கமரா போடும் அன்று வெறும் வயிற்றோடு போய் வரிசையில் உட்கார்ந்தேன். ஒவ்வொருவரோடும் ஒரு ஆள் இருந்தது, மகள், மருமகள், தம்பி என்று. நர்ஸ் மிஸ் பெயரைப் பதிந்துவிட்டு, கூட வந்தது யார் என்று சிங்களத்தில் கேட்டாள். மகன் வெளியே நிற்கிறான் என்று சொல்லிவிட்டேன். வாயில் தானாக வந்துவிட்டது. தொண்டையில் ஒரு கசப்பு மருந்தை அடித்து, பல்லுக்கு நடுவே ஒரு வளையத்தைக் கொடுத்து, இடது பக்கம் சரித்துப் படுக்க வைத்தார்கள். கறுப்புக் குழாய் உள்ளே போகும்போது கண்ணீர் தானாக ஓடியது. வலியில் இல்லை, குமட்டலில். எல்லாம் முடிந்து வாங்கில் உட்கார்ந்திருந்தபோது அதே நர்ஸ் மிஸ் வந்து, மகனை உள்ளே கூப்பிடுங்கள், சொல்ல வேண்டியது இருக்கிறது என்றாள். நான் வாசல் வரைக்கும் போனேன். ஒரு தேங்காய் லொறி நின்றது, இரண்டு நாய் நின்றது. திரும்பி வந்து, வேலைக்கு நேரமாகிவிட்டது, போய்விட்டான் என்றேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். தனக்கு வைத்திருந்த பிளேன்டியை என் கையில் கொடுத்து, ஆறவைத்துக் குடிக்கச் சொன்னாள்.

வயிற்றிலிருந்து கிள்ளி எடுத்த துணுக்குகளின் முடிவு வர மூன்று வாரம் ஆனது. சொன்னது ஒரு சின்னப் பெண் டாக்டர், உன்னைவிட இளையவளாகத்தான் இருப்பாள். சிங்களப் பிள்ளை. அவர்கள் அப்பாவைக் கூப்பிடுகிற மாதிரி என்னைத் தாத்தே, தாத்தே என்றுதான் கூப்பிட்டாள். அவள் சொன்னதை எனக்கு விளங்கிய மாதிரி எழுதுகிறேன். வயிற்றில் ஒரு கிருமி இருக்கிறது. பைலோரி என்று பெயர். நேற்று முந்தாநாள் வந்தது இல்லை, பெரும்பாலும் சின்னப் பிள்ளையில் வந்து, மருந்து கொடுக்காவிட்டால் சாகும் வரைக்கும் கூடவே இருப்பது. பழைய ஆட்களில் நிறையப் பேருக்கு இருக்குமாம். நல்ல தண்ணீரும் கக்கூசும் வந்த பிறகு பிறந்த பிள்ளைகளில் குறைந்துகொண்டு வருகிறதாம். பலருக்கு அது ஒன்றுமே செய்யாது. சிலருக்குப் புண் வரும். இன்னும் சிலருக்கு வருடக்கணக்கில், பத்து இருபது முப்பது வருடம் என்று மெல்ல மெல்ல வயிற்றின் உள்தோலைத் தேய்த்து, தேய்ந்த இடத்தில் வயிற்றுத் தோலுக்குப் பதிலாகக் குடலின் தோல் மாதிரி ஒன்றை வளர்த்துவிடும். எனக்கு அங்கங்கே அப்படி வளர்ந்திருக்கிறது. கேன்சர் இல்லை தாத்தே, என்றாள். அதற்கு முன்னால் உள்ள படிகளில் ஒன்று. அந்தப் படியில் நிற்கிறவர்களில் மிகக் கொஞ்சம் பேர்தான் மேலே போவார்கள், ஆனால் யார் போவார்கள் என்று முன்கூட்டித் தெரியாது, அதனால் கிருமியைக் கொன்றுவிட்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

எனக்கு மரப்பட்டை நினைவுக்கு வந்தது. முப்பத்தெட்டு வருடம் பால் வெட்டியவன் நான். கத்தி கட்டையில் படாமல் வெட்டினால் பட்டை திரும்ப வழுவழு என்று வளரும். பட்டுவிட்டால் அந்த இடத்தில் முண்டு முண்டாக ஒன்று வளரும். அதுவும் பட்டைதான், மரம் உயிரோடுதான் இருக்கும், ஆனால் அது பழைய பட்டை இல்லை. இதை அந்தப் பிள்ளையிடம் சொன்னேன். அவள் சந்தோஷப்பட்டு, அதேதான் என்றாள். என் சிங்களத்தைக்கூட மெச்சினாள்.

அதற்குப் பிறகுதான் வீட்டில் யாருக்காவது வயிற்று வருத்தம் இருந்ததா என்று கேட்டாள். உன் அம்மாவைப் பற்றிச் சொன்னேன்.

தம்பி, உன் அம்மா செத்தது வயிற்றுக் கேன்சரில் என்று உனக்குத் தெரியும். எத்தனை நாள் வயிற்று வருத்தத்தோடு கிடந்தாள் என்றுதான் தெரியாது. ஆஸ்பத்திரியில் கேட்டபோது இரண்டு மூன்று மாதம் என்று சொன்னேன், நீயும் பக்கத்தில் நின்றாய். அது பொய். நான்கு வருடம். நான்கு வருடமாக அவள் எரியுது எரியுது என்றாள், நான் வெறும் வயிற்றில் வெற்றிலை போடாதே என்றேன். இஞ்சி தட்டிப் போட்டு அவித்துக் கொடுத்தேன். கடையில் அந்த வெள்ளைத் தண்ணி மருந்து போத்தலை வாங்கிக் கொடுத்தேன். அதைக் குடித்தால் இரண்டு மணி நேரம் சும்மா இருப்பாள், நான் குணமாகிவிட்டது என்று என் வேலையைப் பார்ப்பேன். கேட்காமல் வாங்கி வந்து வைப்பதால் நல்ல புருஷன் என்று எனக்கே என்மேல் ஒரு எண்ணம். சட்டை தோளில் தொங்க ஆரம்பித்தபோதுதான் டவுனுக்குக் கூட்டிப் போனேன். அப்போது அவளால் ஒரு கோப்பைக் கஞ்சிக்கு மேல் இறக்க முடியவில்லை. நீ ஏ.எல். சோதனை எழுதிக்கொண்டிருந்தாய், படிப்பு கெடும் என்று அவள்தான் உன்னிடம் சொல்லவிடவில்லை. அவள் பேரைச் சொல்லி நான் தப்பித்துக்கொண்டேன்.

டாக்டர் பிள்ளை எழுதுவதை நிறுத்திவிட்டாள். பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டாள். ஒரே மகன் என்றேன். சின்ன வயதில் யார் வளர்த்தது, எப்படிச் சாப்பாடு கொடுத்தீர்கள் என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஏனென்றால் அது நான் தலை நிமிர்ந்து சொல்லுகிற கதை. உனக்கு ஒன்பது மாதத்தில் அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். இரண்டு வருடம் நீயும் நானும் மட்டும். டின்னில் வரும் மா பாலைக் குடிக்க மாட்டாய், துப்பிவிடுவாய். தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவை ஆயா ஆறு மணிக்குத்தான் திறப்பாள், உன்னை விட்டதும் நான் மலைக்கு ஓட வேண்டும், அவித்துக் குழைத்து ஊட்ட ஏது நேரம்? தேங்காய் ரொட்டியைச் சுட்டு, ஒரு துண்டை என் வாயில் போட்டு நன்றாக மென்று, கூழாக்கி, விரலில் எடுத்து உன் வாயில் வைப்பேன். அதை மட்டும் நீ துப்பவில்லை. அடுத்த துண்டை நான் மெல்லும்போது என் தாடையையே பார்த்துக்கொண்டு நீயும் வெறும் வாயை மென்றுகொண்டிருப்பாய். பகலில் பால் நிறுத்துவிட்டு பிள்ளைக்காம்பராவுக்கு ஓடி வந்து அங்கேயும் அப்படித்தான். லயத்துப் பெண்கள் எல்லாரும் செய்கிறதுதான் அது, ஆனால் ஒரு ஆம்பிளை செய்து அவர்கள் பார்த்ததில்லை. தாயுமாகி வளர்க்கிறான் என்று பேசிக்கொள்வார்கள். எனக்கு அது மாலை போட்ட மாதிரி இருக்கும். இதையெல்லாம் கையை ஆட்டி ஆட்டி அவளிடம் சொன்னேன்.

அவள் முகத்தைப் பார்த்ததும் என் கை நின்றுவிட்டது.

"தாத்தே, இந்தக் கிருமி அநேகமா அப்படித்தான் போகும். வீட்டுக்குள்ள, பெரியவங்க வாயில இருந்து சின்னவங்க வாய்க்கு," என்றாள். உடனே, உங்கள் மேல் குற்றம் இல்லை, அன்றைக்கு யாருக்கும் தெரியாது, யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று இன்றைக்குச் சொல்லவும் முடியாது, மகனுக்கு அவருடைய அம்மாவிடமிருந்தும் வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம் என்று அடுக்கிக்கொண்டே போனாள். கடைசியாக ஒன்று சொன்னாள். அம்மாவுக்கு வயிற்றில் கேன்சர், அப்பாவுக்கு இது. ஆகவே மகனை ஒருமுறை கட்டாயம் பார்க்க வேண்டும். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். பதினான்கு நாள் போட வேண்டிய மாத்திரைப் பொட்டலம் சட்டைப் பையில் கனத்தது. மறுநாள்தான் உன் மகனுக்குச் சோறு ஊட்டும் நாள்.

சோறு ஊட்டிவிட்டு உன்னைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் புறப்பட்டேன். இதை நீ நம்ப வேண்டும். காலையில் உன் வீட்டுக்கு வந்தபோது எல்லாரும் உடுத்துவதில் இருந்தீர்கள். யாரையும் தொந்தரவு செய்யாமல் நானே ஒரு தேத்தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாம் என்று குசினிக்குள் போனேன். சீனி டின்னைத் தேடினேன். டின்னுக்குப் பின்னால் அந்த வெள்ளைத் தண்ணி மருந்து போத்தல் இருந்தது. முக்கால்வாசி காலி. மூடியின் ஓரத்தில் வெள்ளை காய்ந்து அப்பியிருந்தது, உன் அம்மாவின் போத்தலில் இருந்த மாதிரியே. யாருக்கு இது என்று நிரோஷாவிடம் கேட்டேன். அவள் தலையில் பூ வைத்துக்கொண்டே, "அவருக்குத்தான் மாமா, ஷிப்ட் முடிஞ்சு வந்தா எரியுதுன்னு குடிப்பாரு, ரெண்டு வருஷமா இதே வேலதான்," என்று சிரித்தாள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். தேத்தண்ணீர் ஊற்றவில்லை.

கோயிலில் உன் மகன் வாயைத் திறந்தபோது, தம்பி, அது உன் வாய். அதே மாதிரி கீழுதட்டை முன்னுக்குத் தள்ளிக்கொண்டு. என் விரலைப் பார்த்தேன். ஒருத்திக்கு வெள்ளைப் போத்தல் வாங்கிக் கொடுத்த கை, ஒருவனுக்கு மென்றதை ஊட்டிய விரல், இப்போது மூன்றாவது ஆளின் வாய்க்கு நேரே நிற்கிறது என்று தோன்றியது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அங்கே சொல்லியிருக்கலாம், சபையில் எப்படிச் சொல்வது என்று வாய் வரவில்லை. செருப்பு வைத்த இடத்தில் நீ கேட்டபோதாவது சொல்லியிருக்கலாம். நீ கோபத்தில் இருந்தாய், எனக்கு அது ஒரு விதத்தில் வசதியாகப் போயிற்று. மகனுடைய கோபத்தைத் தாங்குவது சுலபம் தம்பி. உனக்குக் கொடுத்தது நானாக இருக்கலாம் என்று வாய் திறந்து சொல்வதுதான் முடியவில்லை.

மாத்திரை போட்ட இரண்டு வாரமும் வாயில் செப்புக் காசை வைத்திருக்கிற மாதிரி ஒரு ருசி. சோறு, ரொட்டி, தேத்தண்ணீர் எல்லாம் ஒரே ருசி. என் கோப்பையையும் தட்டையும் தனியாகக் கழுவி, அடுப்பு மேடையின் அந்தப் பக்கம் தனியாகக் கவிழ்த்து வைத்தேன். நான்கு நாள் அப்படிச் செய்த பிறகுதான் உறைத்தது, யாரிடமிருந்து தனியாக என்று. இந்தக் காம்பராவில் வேறு கோப்பைக்கு வேலை வந்தே எவ்வளவோ காலமாகிவிட்டது. பக்கத்துக் காம்பராக்காரர்கள் மாவனல்லைக்குக் குடி போய்விட்டார்கள், அடுத்தது பூட்டிக் கிடக்கிறது. எல்லாரும் தண்ணீர் பிடிக்கும் பீலியில் தண்ணீர் விழும் சத்தம் முன்பெல்லாம் காதில் விழாது, அவ்வளவு கூட்டம் நிற்கும். இப்போது பகல் முழுக்கக் கேட்கிறது. உன் போன் வருகிறதா என்று ரேடியோவைக்கூடச் சத்தம் குறைத்தே வைத்திருக்கிறேன். இதை உன்னை வருத்தப்பட வைக்க எழுதவில்லை. வருத்தப்பட்டாலும் பரவாயில்லை, நான் தனியாகத்தான் இருக்கிறேன், அது உண்மை.

மாத்திரை முடிந்து ஒன்றரை மாதம் கழித்து ஒரு சின்ன டப்பாவில் மலத்தைக் கொண்டுபோய் லேபில் கொடுக்கச் சொன்னார்கள். பஸ்ஸில் அந்த டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு நான் போன சீரைப் பார்த்து, பக்கத்தில் இருந்த அம்மா விபூதிப் பிரசாதம் என்று நினைத்திருப்பாள். முடிவோடு போன வாரம் அதே டாக்டர் பிள்ளையிடம் போனேன். கிருமி போய்விட்டது. தேய்ந்த தோல் தேய்ந்ததுதான், அதைக் கண்காணிக்க வேண்டும், ஆனால் கிருமி இல்லை. வெளியே போகாமல் நின்றுகொண்டே இருந்தேன். என்ன என்று கேட்டாள். கோயிலில் நடந்ததைச் சொன்னேன். அவள் பேனாவைக் கீழே வைத்தாள். கழுவின கையால் ஒரு விரல் பொங்கல் ஊட்டினால் ஒன்றும் ஆகியிருக்காது தாத்தே, மென்று கொடுப்பதைத்தானே நான் சொன்னேன், என்றாள்.

அதாவது நான் ஒன்றுமில்லாததற்குத்தான் உன் மகனுடைய திறந்த வாயை விட்டுவிட்டு வந்தேன். கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பாள். கேட்காமல் நானே முடிவு கட்டினேன், உன் அம்மாவுக்கு கேஸ்ட்ரைட்டிஸ் என்று நானே முடிவு கட்டிய மாதிரி. என் வாழ்க்கையில் நான் செய்த தப்பெல்லாம் இந்த ஒரே தப்புத்தான் போலிருக்கிறது.

இனி உன் பங்குக்கு வருகிறேன். என் இரண்டு ரிப்போர்ட்டையும் போட்டோ கொப்பி எடுத்து இதோடு வைத்திருக்கிறேன், டாக்டர் பிள்ளை உன் டாக்டருக்கு எழுதிக் கொடுத்த துண்டும் இருக்கிறது. அதில் அம்மாவின் விஷயமும் இருக்கிறது, நான்கு வருடம் என்றே எழுதச் சொன்னேன். லீவு போட்டுக்கொண்டு போ. வெள்ளைப் போத்தலை மட்டும் காட்டி, வேறு ஒரு வெள்ளைப் போத்தலை வாங்கிக்கொண்டு வந்துவிடாதே. அந்தத் துண்டைக் கொடு, கமரா போட வேண்டும் என்றால் போட்டுக்கொள். பத்து நிமிடம்தான், கண்ணீர் வரும், வெட்கப்படாதே. உனக்கு இப்போது முப்பது வயது. இந்த நோய் மெல்ல நடக்கிறது தம்பி. இப்போதே பார்த்துவிட்டால் நான் நிற்கிற படிக்குக்கூட நீ வர வேண்டியதில்லை என்கிறாள் அவள். ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். இருந்தால், அதை உனக்குக் கொடுத்தவன் நான்தான் என்று நினைத்துக்கொள், அதற்காக என்னைத் திட்டு, ஆனால் மாத்திரையை ஒரு நாளும் விடாமல் பதினான்கு நாளும் போடு. வாயில் செப்பு ருசி வரும், பயப்படாதே. நிரோஷாவிடம் இந்தக் கடிதத்தை மறைக்காதே. அவள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தவள். அவளிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லாதே, நானே வந்து கேட்கிறேன்.

கமரா போடும் அன்று கூட யார் வந்திருக்கிறார்கள் என்று உன்னிடமும் கேட்பார்கள். தேதியை மட்டும் எனக்குச் சொல். விடிய ரயிலைப் பிடித்தால் எட்டு மணிக்கு முன்னால் ராகமையில் நிற்பேன். நீ உள்ளே போ, நான் வெளியே வாங்கில் இருக்கிறேன். அப்பா வெளியே இருக்கிறார் என்று நீ சொன்னால் அது உண்மையாக இருக்கட்டும். மூன்று வருடம் கழித்து என் முறை வரும்போது நீ வருவாயா மாட்டாயா என்று இப்போதே பதில் சொல்ல வேண்டாம்.

உன் மகனுக்கு இப்போது பத்து மாதம். முதற்சோறு ஒரு முறைதான், அது போய்விட்டது, சம்பந்தி கையால் நன்றாகவே நடந்தது. பல் முளைத்திருக்கும். இரண்டு இருக்குமா, நான்கு இருக்குமா? நான் வரும்போது ஒரு ரொட்டி சுட்டு, மெல்லியதாகத் தட்டி, நெருப்பில் கருகாமல் எடுத்துத் தருகிறேன். ஒரு துண்டை அவன் கையிலேயே கொடுங்கள், அவனே கடிக்கட்டும், அவனே மெல்லட்டும். நான் எதிரில் உட்கார்ந்து அவன் தாடையைப் பார்த்துக்கொண்டு வெறும் வாயை மென்றுகொண்டிருக்கிறேன்.

அப்பா